நோயாளியின் ஏட்டில் குழந்தையின் பெயர்

வளர்ச்சித் திட்டங்கள் யாவும் எண்ணிக்கையிலிருந்தே தொடங்குகின்றன. எண்ணப்படாதவர் திட்டத்தில் இடம்பெறுவதில்லை. நம் நாட்டில் பெற்றோரை இழந்த குழந்தைகள் எண்ணப்படுகின்றனர். அவர்களுக்கெனச் சட்டங்களும் உதவித்தொகைகளும் இல்லங்களும் உள்ளன. நோயுற்றோரும் எண்ணப்படுகின்றனர், அவர்களுக்கென மருத்துவமனைகளும் காப்பீட்டுத் திட்டங்களும் உள்ளன. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே ஒரு குழந்தை நிற்கிறது. அதன் தாயும் தந்தையும் உயிருடன் இருக்கின்றனர்; ஆகவே அது அநாதையன்று. அதற்கு நோய் ஏதுமில்லை; ஆகவே அது நோயாளியும் அன்று. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, பக்கவாதம், முற்றிய இதயநோய், கடும் மனநோய் ஆகியவற்றுள் ஒன்றினால் பெற்றோருள் ஒருவர் செயலற்றுப்போன வீட்டில் வளரும் குழந்தையே அது.

இக்குழந்தையின் துன்பம் பெற்றோரின் மரணத்தில் தொடங்குவதில்லை. நோய் வீட்டுக்குள் நுழையும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆனால் உதவிகளுள் பெரும்பாலானவை மரணத்திற்குப் பின்னரே வந்து சேருகின்றன. இவ்விடைவெளியைக் குறைக்கும் வழி யாது என்பதை, தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக வாழும் மலைத்தோட்டப் பகுதியான ஏலப்பாறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மலைத்தோட்டத்துச் சூழல்

கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் பீர்மேடு வட்டத்தில், கோட்டயம் - குமுளி சாலையிலுள்ள குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் வழியில் அமைந்துள்ளது ஏலப்பாறை. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைகளில் தோட்டப் பயிர்கள் பரவிய காலந்தொட்டே, தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் இங்குக் குடியேறினர். 1956ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்பின்போது பீர்மேடு வட்டம் கேரளத்தில் அமைந்தது. 1972ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் இடுக்கி மாவட்டம் உருவானபோது அதன் பகுதியாயிற்று. ஆகவே வீட்டில் தமிழும் அலுவலகத்தில் மலையாளமுமாக இரு மொழிகளுக்கிடையே வாழ்வு நடத்தும் குடும்பங்கள் இப்பகுதியில் பல.

தோட்டத் தொழிலாளியின் வாழ்வில் வேலை என்பது கூலியை மட்டும் தருவதன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவ வசதி, குழந்தைக் காப்பகம், 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி வசதி ஆகியவற்றை நிர்வாகத்தின் கடமைகளாக்கியது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அச்சட்டத்தின் இடத்தைப் பெற்றபோதும், தோட்டங்களுக்கான இவ்வசதிகள் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன. கூலி, வீடு, மருந்து ஆகிய மூன்றும் ஒரே கொம்பில் படர்ந்த கொடிகள் எனலாம். கொம்பு சாய்ந்தால் மூன்றும் சாயும்.

இதனை இப்பகுதி மக்கள் ஏற்கெனவே கண்டிருக்கின்றனர். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேடு வட்டத்தில் பல தோட்டங்கள் மூடப்பட்டன அல்லது கைவிடப்பட்டன. கூலியும் பணிக்கொடையும் நிலுவையில் நின்றன. தோட்ட மருத்துவமனைகள் செயலற்றன. பழுது பார்க்கப்படாத லயங்களிலேயே குடும்பங்கள் தொடர்ந்து வாழ நேர்ந்தது. தோட்டம் முழுவதற்கும் அன்று நேர்ந்தது, கடும் நோய் வரும்போது தனியொரு வீட்டிற்கு நேர்கிறது. வேறுபாடு என்னவெனில், தோட்டம் மூடப்பட்டால் அது செய்தியாகிறது. வீடு ஒடுங்கினால் அடுத்த லயத்தாருக்கு அப்பால் எவரும் அறிவதில்லை.

குடும்பப் பொருளாதாரத்தில் நிகழும் மாற்றம்

கொழுந்து பறிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களாலேயே செய்யப்படுகிறது. ஆகவே தாய் நோயுறும்போது குடும்பம் ஒரே நேரத்தில் இரண்டை இழக்கிறது: ஒன்று அவளது கூலி, மற்றொன்று கூலியின்றி அவள் வீட்டில் செய்துவந்த பணி. முதல் இழப்பு வரவு செலவில் தெரிகிறது. இரண்டாவது இழப்பு எங்கும் தெரிவதில்லை. ஏனெனில் அதனை ஈடுசெய்பவர் பெரும்பாலும் வீட்டிலுள்ள மூத்த பெண் குழந்தையே. தண்ணீர் எடுத்தல், சமைத்தல், தம்பி தங்கையரைப் பள்ளிக்கு அனுப்புதல், நோயாளிக்கு மருந்து கொடுத்தல், உடல் துடைத்தல், இரவில் விழித்திருத்தல் ஆகியவை படிப்படியாக அவள் கைக்கு வருகின்றன. இது குழந்தைத் தொழில் என்று எவரும் கருதுவதில்லை. நல்ல மகள் என்று பாராட்டுகின்றனர். பாராட்டு தவறன்று. ஆனால் அப்பாராட்டின் நிழலில் அவளது படிப்பு குன்றுவதை நாம் காணத் தவறுகிறோம்.

செலவுப் பக்கமும் அவ்வாறே. 2017-18ஆம் ஆண்டில் நடைபெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுவதற்கான சராசரி மருத்துவச் செலவு நாட்டளவில் 20,135 ரூபாய். அரசின் காப்பீட்டுத் திட்டங்கள் இச்சுமையில் பெரும்பகுதியைக் குறைக்கக்கூடும். ஆயினும் மலையிலிருந்து கோட்டயம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாதந்தோறும் இறங்கி ஏறும் பேருந்துக் கட்டணம், துணைக்குச் செல்பவர் இழக்கும் கூலி, அங்கு உண்ணும் உணவு ஆகியவை எக்காப்பீட்டிலும் முழுமையாக அடங்குவதில்லை. இவற்றை ஈடுகட்டக் குடும்பம் முதலில் நகையையும், பின்னர் கடனையும், இறுதியில் பிள்ளையின் படிப்பையும் எடுத்துக்கொள்கிறது.

இந்த இறுதிக் கட்டத்தில் வயது ஒரு முக்கிய எல்லையாகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே பொருந்தும். 2016ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயது நிறையாதோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. 14 முதல் 18 வரையுள்ளோருக்கு அபாயகரமான தொழில்களை மட்டுமே தடை செய்கிறது. எனவே ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ பயிலும் பிள்ளை பள்ளியை விட்டு நின்றால், சட்டம் எதுவும் மீறப்பட்டதாகாது. வீடு வேலையோடு பிணைந்திருக்கும் இடத்தில், குடும்பத்தில் ஒருவர் தோட்டத்தில் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பிள்ளையின் மீது மேலும் ஓர் அழுத்தமாக அமைகிறது.

எல்லைப் பகுதிக்கே உரிய இரு இடர்ப்பாடுகளும் உள்ளன. முதலாவது மொழி. தமிழ் மட்டுமே அறிந்த பெற்றோர் மருத்துவரிடம் செல்லும்போது, மலையாளம் பயின்ற பிள்ளையே மொழிபெயர்ப்பாளராக நிற்க நேர்கிறது. நோயின் பெயரும், அதன் நிலையும், எஞ்சியுள்ள காலமும் முதலில் அப்பிள்ளையின் காதிலேயே விழுகின்றன. பெரியவர்கள் தாங்க அஞ்சும் செய்தியைப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு பன்னிரண்டு வயதில் வந்து சேருகிறது. எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று முடிவு செய்வதும் அதனிடமே விடப்படுகிறது.

இரண்டாவது சான்றிதழ். தமிழகத்திலிருந்து குடியேறிய பட்டியல் சாதியினர் கேரளத்தில் சாதிச் சான்று பெற, 1950ஆம் ஆண்டுக்கு முன்னரே தம் குடும்பம் அங்கு வாழ்ந்தமைக்கு ஆதாரம் காட்ட வேண்டியுள்ளது. பாட்டனார் எந்தத் தோட்டத்தில், எந்தப் பிரிவில், எந்தப் பெயரில் வேலை செய்தார் என்பது பெற்றோரின் நினைவில் மட்டுமே இருக்கக்கூடும். அந்நினைவு மறைந்துவிட்டால், பிள்ளையின் கல்விச் சலுகையும் அதனோடு மறைகிறது.

குழந்தையின் மனம்

பொருளியல் கணக்கில் அடங்காத மற்றொரு பக்கமும் உண்டு. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவர்கள் கருதுகின்றனர். ஆனால் அடுப்பங்கரையில் தாழ்ந்து ஒலிக்கும் பேச்சையும், தந்தையின் முகத்தையும், உறவினர் திடீரெனக் காட்டும் பரிவையும் கொண்டு ஏதோ நடக்கிறது என்பதை அது உணர்ந்துவிடுகிறது. உண்மை சொல்லப்படாதபோது அது தானே ஒரு விளக்கத்தைக் கற்பித்துக்கொள்கிறது. அவ்விளக்கம் பெரும்பாலும் உண்மையைவிடக் கொடியதாக இருக்கும்.

வயதுக்கேற்ப இவ்விளக்கம் மாறுபடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறப்பு என்பது மீளாதது என்பதை அறியாது. பிரிவையே பெரிதும் அஞ்சும். உணவு, உறக்கம், உடன் இருப்பவர் ஆகியவை மாறாதிருப்பதே அதற்கு ஆறுதல். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தை தன் செயலால் நோய் வந்ததாக எண்ணக்கூடும். சொல் கேளாமையாலும், சண்டையிட்டதாலும், மனத்துக்குள் கோபித்ததாலும் தாய் நோயுற்றாள் என்று அது நம்பி, எவரிடமும் கூறாமல் வருந்தும். பதின்பருவத்தினர் நோயின் பொருளை நன்கு உணர்வர். ஆனால் தம் துயரை மறைத்துப் பொறுப்புகளை ஏற்றுக்கொள்வர், அல்லது வீட்டை விட்டு விலகி நிற்பர். அமைதியாக இருக்கும் பிள்ளைக்குத் துன்பமில்லை என்று கொள்வது தவறு.

எந்த வயதினராயினும் ஒரு குழந்தை நான்கு செய்திகளை அறிய வேண்டும். நோயின் பெயர் என்ன; அது தன்னால் வந்ததன்று; அது தனக்குத் தொற்றுமா, தொற்றாதா; இனித் தன்னைக் கவனிப்பவர் யார். இவற்றை நீண்ட விளக்கமின்றி எளிய சொற்களிலேயே கூறலாம். "அம்மாவுக்கு வந்திருக்கும் நோய்க்குப் புற்றுநோய் என்று பெயர். நீ செய்த எதனாலும் அது வரவில்லை. அம்மாவைத் தொட்டால் உனக்கு அது ஒட்டாது. அம்மா கோட்டயத்தில் இருக்கும் நாட்களில் அத்தை உன்னோடு இருப்பார்" என்ற அளவே போதுமானது. கேள்வி வந்தால் விடை கூறலாம். விடை தெரியாவிடில் தெரியாது என்றே கூறலாம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வாக்குறுதியை மட்டும் தவிர்க்க வேண்டும். அது பொய்த்துப்போகும் நாளில், குழந்தைக்குப் பெரியவர்களின் எல்லாச் சொற்களிலும் நம்பிக்கை போய்விடும்.

சட்டம் தரும் இடம்

இக்குழந்தைகளைச் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, குடும்பத்தோடு வாழும் குழந்தைக்கு ஆதரவு நிதி வழங்குவதற்கான தகுதிகளைக் குறிப்பிடுகிறது. கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் குழந்தைகள், உறவினரோடு வாழும் பெற்றோரற்ற குழந்தைகள் ஆகியோருடன், பெற்றோர் உயிருக்கு ஆபத்தான நோய்க்கு ஆளான குழந்தைகளும், பெற்றோர் விபத்தால் செயலிழந்த குழந்தைகளும் அதில் இடம்பெற்றுள்ளனர். மத்திய அரசின் வாத்சல்ய இயக்கம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி இவ்வாதரவு நிதி குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வாயிலாக விண்ணப்பம் பெறப்பட்டு, அதற்கென அமைந்த ஒப்புதல் குழுவின் முன் வைக்கப்படுகிறது.

மரணத்திற்குப் பின் வரும் உதவிகளோடு இதனை ஒப்பிட வேண்டும். பெற்றோருள் ஒருவரையோ இருவரையுமோ இழந்த குழந்தைகளுக்குக் கேரள அரசின் ஸ்நேகபூர்வம் திட்டம் உதவுகிறது. கொரோனாப் பெருந்தொற்றில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென 2021ஆம் ஆண்டில் பிரதமரின் நலத்திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழக அரசு 2025ஆம் ஆண்டில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோர் இருவரையும் இழந்தோருக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க இயலாத நிலையில் உள்ளோருக்கும் மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆயினும் ஒரு மரணமேனும் நிகழ்ந்த பின்னரே இவற்றின் கதவு திறக்கிறது. நோய்க்காலத்திலேயே திறக்கக்கூடிய கதவு 45ஆம் பிரிவு ஒன்றே எனலாம். கேரளத்தின் ஆசுவாசகிரணம் திட்டம் படுக்கையிலுள்ள நோயாளியைக் கவனிப்பவருக்கு உதவித்தொகை தருகிறது. ஆனால் கவனிப்பவரே பள்ளிப் பிள்ளையாக இருக்கும் நிலைக்கு அது விடையாகாது.

45ஆம் பிரிவின் கதவிலும் ஒரு தாழ் உள்ளது. ஊரகப் பகுதியில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேற்படலாகாது என்பது நிபந்தனை. தோட்டத்தில் ஒருவரின் நாட்கூலியை 400 ரூபாய் என்றும், மாதத்தில் வேலை நாட்களை 20 என்றும் கொண்டால், மாத வருமானம் 8,000 ரூபாய். ஆண்டு வருமானம் 96,000 ரூபாய். அதாவது தாய் படுக்கையில் கிடக்க, தந்தை ஒருவரே வேலைக்குச் செல்லும் வீடும் வரம்பைக் கடந்துவிடுகிறது. நோயாளிக்குத் துணையாகத் தந்தை மாதத்தில் ஐந்து நாள் வேலையை இழந்தாலும் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்னும் எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறதேயன்றிக் கீழிறங்குவதில்லை. எனவே வருமானத்தைக் கணக்கிடும்போது நோய்க்குப்பின் உள்ள உண்மையான வரவையே கொள்வதும், சிகிச்சைக்காகத் தவிர்க்கவியலாது செலவிடும் தொகையைக் கழிப்பதும் நியாயமாகும். வரம்பையே மறுஆய்வு செய்வது அதனினும் நன்று.

கதவைத் தட்டுபவர் யார்?

தகுதி இருந்தும் உதவி சேராமைக்கு வருமான வரம்பு மட்டும் காரணமன்று. குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்டத் தலைமையிடத்தில் உள்ளது. நோயாளி லயத்தில் உள்ளார். இவ்விருவருக்கும் இடையே குழந்தையை அறிந்தவர் யார் என்பதே கேள்வி. இங்குக் கேரளம் பிற மாநிலங்கள் பலவற்றுக்கு இல்லாத ஒரு வாய்ப்பைப் பெற்றிருக்கிறது.

1993ஆம் ஆண்டில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. மக்கள் வழக்கில் 'பாலியேட்டிவ்' எனப்படும் இச்சிகிச்சை, நோயைக் குணப்படுத்த இயலாத நிலையிலும் வலியையும் துன்பத்தையும் தணிப்பதை நோக்கமாகக் கொண்டது. பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர்த் தொண்டர்களின் துணையோடு வீடுதோறும் சென்று பராமரிக்கும் முறை வளர்ந்தது. 2008ஆம் ஆண்டில் கேரள அரசு, நாட்டிலேயே முதன்முறையாக, இதற்கென ஒரு மாநிலக் கொள்கையை வெளியிட்டது. இன்று உள்ளாட்சிகளின் பொறுப்பில், பயிற்சி பெற்ற செவிலியர் ஆஷா பணியாளரோடும் தொண்டர்களோடும் நோயாளியின் வீட்டுக்கே செல்கிறார். உலக அளவில் ஆதரவுச் சிகிச்சை தேவைப்படுவோர் ஆண்டுக்கு 5 கோடியே 68 இலட்சம் பேர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே அதனைப் பெறுகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. இந்நிலையில் கேரளத்தின் ஏற்பாடு எத்துணை அரியது என்பது விளங்கும்.

வீட்டுக்குள் செல்லும் அச்செவிலியர் நோயாளியின் வலியையும், புண்ணையும், மருந்தையும் ஏட்டில் குறித்துக்கொள்கிறார். பள்ளிக்குச் செல்லாமல் கதவோரம் நிற்கும் பிள்ளையையும் அவர் காண்கிறார். ஆனால் அப்பிள்ளையின் பெயரை எழுத வேண்டும் என்னும் கடமை முறைப்படி வரையறுக்கப்பட்டு, எழுதியதன்மேல் நடவடிக்கை எடுப்பவர் இவர் என்று குறிக்கப்பட்டிருந்தால்தான் கண்டது பயன்தரும். திருவனந்தபுரத்தில் 2003ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற பாலியம் இந்தியா என்னும் தொண்டு நிறுவனம் தன் பராமரிப்பிலுள்ள நோயாளிகளின் குழந்தைகளுக்குக் கல்வி உதவியும் வழங்கி வருகிறது. நோயாளியைக் காணும் கண்ணே குழந்தையையும் காண முடியும் என்பதற்கு இது சான்று. ஒரு நிறுவனம் மனமுவந்து செய்வதை எல்லா ஊராட்சிகளும் முறையாகச் செய்யும்படி அமைப்பதே அடுத்த படி.

இதற்கு நம் நிர்வாகத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டவுடன் அவரோடு ஒரே வீட்டில் வாழ்வோர் அனைவரும் பரிசோதிக்கப்படுகின்றனர். சிறு குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து அளிக்கப்படுகிறது. அதாவது தந்தைக்குக் காசநோய் என்றால் குழந்தையின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அதே தந்தைக்குச் சிறுநீரகம் செயலிழந்தால் ஏறுவதில்லை. கிருமி பரவும் என்பதற்காகக் குழந்தையைத் தேடும் நிர்வாகம், வறுமையும் துயரமும் பரவும் என்பதற்காகவும் அதனைத் தேட இயலும்.

பிற நாடுகள் இவ்வழியில் சில படிகள் முன்சென்றுள்ளன. நார்வே நாடு 2010ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின் வாயிலாக, கடும் உடல்நோய், மனநோய், போதைப் பழக்கம் ஆகியவற்றுக்கு ஆளானோரின் குழந்தைகளுக்குத் தேவையான செய்தியும் ஆதரவும் கிடைக்கச் செய்வதை மருத்துவப் பணியாளரின் கடமையாக்கியது. மருத்துவமனைகளில் இதற்கெனப் பொறுப்பாளரும் குறிக்கப்படுகின்றனர். இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஊதியமின்றிப் பிறரைப் பராமரிப்போர் பற்றிய வினா இடம்பெற்றது. 2014ஆம் ஆண்டின் சட்டம் பராமரிப்புப் பணி செய்யும் சிறுவரின் தேவைகளை மதிப்பிடும் பொறுப்பை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடைபெற்ற நேரப் பயன்பாட்டு ஆய்வு 6 வயதுக்கு மேற்பட்டோர் அனைவரின் நேரத்தையும் அளந்தது. ஊதியமற்ற பராமரிப்பும் உழைப்பே என்பதை நம் புள்ளியியலும் ஏற்றுக்கொண்டுவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

செய்யத்தக்கவை

முதலாவதாக, ஊராட்சியின் ஆதரவுச் சிகிச்சை ஏட்டில் ஒரு பக்கம் குழந்தைகளுக்கென ஒதுக்கப்பட வேண்டும். அதில் ஐந்து வினாக்கள் போதும். வீட்டில் 18 வயது நிறையாதோர் யாவர், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பில் பயில்கின்றனர்? பெற்றோரின் நோயைப் பற்றி அவர்களுக்கு என்ன கூறப்பட்டுள்ளது? நோயாளிக்காக அவர்கள் அன்றாடம் செய்யும் பணிகள் யாவை? கடந்த மாதத்தில் எத்தனை நாள் பள்ளிக்குச் செல்லவில்லை? பெற்றோரால் இயலாதபோது அவர்களைக் கவனிப்பவர் யார்? பெற்றோரின் இசைவோடு மட்டுமே இவை எழுதப்பட வேண்டும். மறைவாகக் காக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, செவிலியரின் சுமை முன்னரே பெரிது என்பதை மறத்தலாகாது. அவரது பணி எழுதுவதோடு முடிய வேண்டும். விண்ணப்பத்தை நிரப்பி, வருமானச் சான்று பெற்று, மாவட்ட அலகுக்கு அனுப்புவது வார்டு உறுப்பினரும் ஊராட்சி அலுவலகமும் ஏற்க வேண்டிய பொறுப்பு. விண்ணப்பங்கள் தமிழிலும் கிடைக்க வேண்டும். மருத்துவமனைகளில் தமிழறிந்த பணியாளர் ஒருவரையோ தொண்டரையோ மொழிபெயர்ப்புக்குப் பயன்படுத்தி, பிள்ளைகளை அப்பணியிலிருந்து விடுவித்தல் வேண்டும்.

மூன்றாவதாக, பெற்றோர் பேசவும் நினைவுகூரவும் வல்லவராக இருக்கும்போதே குழந்தையின் ஆவணங்களைச் சீர்செய்ய வேண்டும். பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டையில் பெயர், வங்கிக் கணக்கு, சாதிச் சான்றுக்கான பழைய தோட்டப் பதிவுகள் ஆகியவை ஒரே உறையில் இருத்தல் நலம். பின்னாளில் குழந்தையை வளர்க்க இசைந்த உறவினர் யார் என்பதையும் பெற்றோரே எழுத்தில் குறித்து வைப்பது பல வழக்குகளைத் தவிர்க்கும்.

நான்காவதாக, பள்ளியின் பங்கு பெரிது. அடிக்கடி தாமதமாக வருதல், வகுப்பில் உறங்குதல், திங்கட்கிழமைகளில் வராதிருத்தல், மதிப்பெண் திடீரெனக் குறைதல் ஆகியவற்றைக் கண்ட ஆசிரியர் தண்டிப்பதற்கு முன் வினவ வேண்டும். வகுப்பின் நடுவே பரிதாபம் காட்டலாகாது. அது அப்பிள்ளையைப் பிறரிடமிருந்து பிரித்துவிடும். தாமதத்தைப் பொறுத்தல், விடுபட்ட பாடத்தை எழுதிக்கொள்ள உதவுதல், நம்பிப் பேசத்தக்க ஓர் ஆசிரியரைக் குறித்துக் கொடுத்தல் ஆகிய மூன்றும் செலவற்ற உதவிகள். பள்ளி, அப்பிள்ளைக்கு நோய் நுழையாத ஒரே இடமாகவும் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஐந்தாவதாக, நோய்க்காலத்தில் குழந்தையைக் கம்பத்திலோ தேனியிலோ உள்ள பாட்டி வீட்டுக்கு அனுப்புவது இப்பகுதியில் இயல்பு. குழந்தை மாநில எல்லையைக் கடக்கும்போது மாற்றுச் சான்றிதழும் உதவித்தொகையும் பின்தங்கிவிடலாகாது. இடுக்கி, தேனி மாவட்டங்களின் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் தமக்குள் கோப்பை மாற்றிக்கொள்ளும் எளிய ஏற்பாடு ஒன்றை வகுத்துக்கொள்ளலாம். தமிழகத்தில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமும் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதால், எல்லையின் இருபுறமும் வீட்டுக்குச் செல்லும் பணியாளர் இருக்கின்றனர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

அச்சமும் செலவும்

இவ்யோசனைக்கு ஒரு தடை மக்களின் அச்சம். அதிகாரியிடம் பெயரைக் கொடுத்தால் குழந்தையை இல்லத்திற்குக் கொண்டுபோய்விடுவர் என்று பெற்றோர் அஞ்சக்கூடும். சட்டத்தின் கொள்கை இதற்கு நேர் எதிரானது. குழந்தையை வளர்க்கும் முதற்பொறுப்பு குடும்பத்தினுடையது என்றும், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியே என்றும் இளைஞர் நீதிச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆதரவு நிதியின் நோக்கமே குழந்தையை அதன் வீட்டில் நிலைநிறுத்துவதுதான். இதனை முதல் சந்திப்பிலேயே பெற்றோருக்கு அவர்தம் மொழியில் எடுத்துரைத்தல் வேண்டும்.

மற்றொரு தடை செலவு. ஓர் ஊராட்சியில் இத்தகைய குழந்தைகள் 20 பேர் என்று கொண்டால், மாதம் 4,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு ஆகும் தொகை 9 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாய். இது புதிய சுமையன்று. சட்டப்படி அவர்களுக்கு ஏற்கெனவே உரியது. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பிள்ளை வாழ்நாள் முழுதும் இழக்கும் வருவாயோடு ஒப்பிட்டால், மூன்றாண்டு ஆதரவுக்கு ஆகும் 1,44,000 ரூபாய் செலவாகத் தோன்றாது; முதலீடாகவே தோன்றும்.

நோயாளியின் துன்பங்களுள் தன் பிள்ளைகள் என்ன ஆவர் என்னும் கவலையே மிகப் பெரிது. வலிக்கு மருந்து உண்டு. இக்கவலைக்கு மருந்து, பிள்ளையின் படிப்பு நிற்காது என்னும் உறுதி ஒன்றே. அவ்வுறுதியை அளிப்பதற்கான சட்டமும், நிதியும், வீட்டுக்குச் செல்லும் பணியாளரும் நம்மிடம் உள்ளனர். அவற்றை இணைக்கும் ஒரு பக்கம் மட்டுமே ஏட்டில் குறைவாக உள்ளது. அப்பக்கத்தைச் சேர்ப்பது ஊராட்சியின் ஒரு தீர்மானத்தால் இயலக்கூடியதே. ஏலப்பாறை போன்ற தோட்டப் பகுதி ஊராட்சிகள் இதில் முன்வருமாயின், நோயுற்றோரின் இல்லங்களில் வளரும் குழந்தைகள் மரணத்திற்குக் காத்திராமல் உதவி பெறுவர்.